கட்சிக்குள் போவதா, வெளியே நிற்பதா? கீழ்மலையிலிருந்து ஒரு தொடக்கப் பாடம்

தை மாதத்தில், கொடைக்கானலுக்குக் கீழே இருக்கிற எங்கள் கீழ்மலைப் பக்கம் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் காபி காய்ந்துகொண்டிருக்கும். பறித்த பழத்தைத் தோலோடு அப்படியே களத்தில் கொட்டிப் பரப்பி, நாளைக்கு நாலு தடவை கிளறிவிட வேண்டும். விட்டால் பூசணம் பிடித்துவிடும். அன்று நான் ஒரு பக்கமும் அக்கா மகள் ஒரு பக்கமுமாகக் கிளறிக்கொண்டிருந்தோம். அவள் கொடைக்கானல் மகளிர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கூடப் படிக்கிறவர்களும் ஊர்ப் பிள்ளைகளுமாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வருடமாக ஏதேதோ செய்துகொண்டிருக்கிறார்கள். பளியர் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைகிறார்கள். ஓடைக்கரையில் ரிசார்ட்காரர்கள் போர்வெல் போடுவதைத் தட்டிக்கேட்கிறார்கள். தங்கும் விடுதிகளில் துணி துவைக்கிற பெண்களின் கூலியைப் பற்றிப் பேசுகிறார்கள். சங்கம் என்று ஒரு பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. அதற்குள் ஒரு பெரிய கட்சியின் இளைஞரணியிலிருந்து ஆள் வந்து, உறுப்பினர் படிவத்தைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

“சித்தி, சேரவா வேணாமா? ஆறு பேரு சேரலாங்கிறாங்க. ஆறு பேரு அது சாக்கடை, கால வச்சா நாறும்ங்கிறாங்க.”

களத்தில் நின்று நான் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். அரசியலுக்குப் புதிதாக வருகிற எல்லாப் பிள்ளைகளும் ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்கத்தான் செய்வார்கள்.

சொல்லும் கேள்வியும்

முற்போக்கு என்ற சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். சாதியோ, ஆண் பெண் பேதமோ, முதலாளி தொழிலாளி உறவோ, எங்கெல்லாம் மேல் கீழ் இருக்கிறதோ அங்கெல்லாம் கீழே இருப்பவர் பக்கம் நின்று நிலைமையை மாற்ற வேண்டும் என்கிறவர் முற்போக்காளர். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு ஒரு கஷ்டம் உண்டு. 2004இல் இங்கே ஜனநாயக முற்போக்குக் கூட்டணி, டெல்லியில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி, 2019இல் மதச்சார்பற்ற முற்போக்குக் கூட்டணி என்று அது கூட்டணிப் பெயர்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது. முற்போக்கு என்றாலே யாரோ ஒருவருடைய கரை வேட்டி கண்முன் வருகிறது. இந்தக் கட்டுரையை வாசித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கரையை மறந்துவிடுங்கள்.

கேள்வி இதுதான். பெரிய கட்சிக்கு ஆட்சி வரும். ஆட்சி வந்தால் சட்டம் போடலாம், பணம் ஒதுக்கலாம், ஒரு கையெழுத்தில் ஓர் ஊரின் தலைவிதியை மாற்றலாம். ஆனால் அந்தக் கட்சி பெரிதானதே எல்லாரையும் உள்ளே விட்டதால்தான். காண்டிராக்டர், எஸ்டேட்காரர், சாதிச் சங்கத் தலைவர், கொள்கைக்காகவே வாழ்கிற நாலு பேர் என எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பந்தியில் நாமும் போய் உட்கார்ந்து கட்சியை நம் பக்கம் இழுக்கப் பார்ப்பது ஒரு வழி. வெளியே நின்று இயக்கமாகவோ, சங்கமாகவோ, சின்னக் கட்சியாகவோ குரல் கொடுத்து, பெரிய கட்சியை வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பது இன்னொரு வழி. உள்ளே போனவர்களை வெளியே இருப்பவர்கள் விலை போனவர்கள் என்பார்கள். வெளியே இருப்பவர்களை உள்ளே போனவர்கள் கை சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் என்பார்கள். நூறு வருடமாக இதே ஏச்சுதான்.

அமெரிக்காவின் வாசல் வேறு

இந்த விவாதம் அதிகச் சத்தமாக நடக்கிற இடம் அமெரிக்கா. வலைத்தளங்களில் இதைப் பற்றி நீங்கள் வாசிக்கிறதில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. அங்கே இரண்டே பெரிய கட்சிகள். அதில் ஜனநாயகக் கட்சிக்குள் போய் அதை இடப்பக்கம் திருப்பலாமா, தனியாக ஒரு கட்சி வைக்கலாமா என்பது அவர்களுடைய சண்டை.

உள்ளே போகலாம் என்பவர்கள் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெசைக் காட்டுவார்கள். 2018இல் நியூயார்க்கில், அந்தக் கட்சியின் பெருந்தலைகளில் ஒருவரான ஜோ கிரௌலியை உட்கட்சித் தேர்தலிலேயே தோற்கடித்து நாடாளுமன்றம் போனவர். வெளியே போகக்கூடாது என்பதற்கு 2000ஆம் ஆண்டைக் காட்டுவார்கள். பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நாடருக்கு ஃபுளோரிடாவில் 97,000க்கும் மேல் ஓட்டு விழுந்தது. அந்த மாநிலத்தில் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் புஷ் ஜெயித்தது வெறும் 537 ஓட்டில். அந்த 537தான் அவரைக் குடியரசுத் தலைவராக்கியது. நாடர் ஓட்டைப் பிரித்ததால்தான் புஷ் வந்தார் என்று இன்னும் திட்டுகிறவர்கள் உண்டு.

ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது. 2012இல் நியூயார்க்கின் துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் மணிக்கு 15 டாலர் கூலி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். எந்தக் கட்சியும் அவர்களைக் கூப்பிடவில்லை. நாலே வருடத்தில் நியூயார்க்கும் கலிபோர்னியாவும் அந்த 15 டாலரை நோக்கிச் சட்டம் போட்டன. அதே கோரிக்கை 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டுக்கு வந்தபோது 58க்கு 42 என்று தோற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் எட்டுப் பேர் ஜனநாயகக் கட்சி அணியைச் சேர்ந்தவர்கள். வெளியே இருந்தவர்கள் ஆரம்பித்துவைத்ததை உள்ளே இருந்தவர்களே தடுத்தார்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு நம் பிள்ளைகள் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அங்கே கட்சியின் வாசல் கிட்டத்தட்டத் திறந்தே கிடக்கிறது. யார் வேட்பாளர் என்று சாதாரண ஓட்டர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். நம் ஊரில் அப்படியா? விருப்ப மனு வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், நேர்காணலுக்குப் போய்க் கைகட்டி நிற்க வேண்டும், சீட்டுத் தலைமையிடமிருந்து வர வேண்டும். ஜெயித்துப் போனால், சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவு போடுகிற கொறடா இருக்கிறார். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே பறிபோகலாம். பணத்துக்காகத் தாவுகிறவர்களைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம் வந்தது. மனசாட்சிக்காக மீறுகிறவரும் அதே வலையில்தான் விழுகிறார். எனவே ‘உள்ளே போய் மாற்றுவோம்’ என்பது நியூயார்க்கில் ஒரு பொருள், கொடைக்கானலில் வேறு பொருள்.

ஒரு பஸ்ஸின் கதை

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் அக்கா மகள் காலையில் ஏறிப் போகிறாளே, அந்த பஸ்ஸில் இந்தக் கதை இருக்கிறது.

அவள் பிறந்த சமயத்தில் எங்கள் ஊருக்குக் காலையில் பஸ் கிடையாது. மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் ஜீப்பில் தொற்றிக்கொண்டோ, நடந்தோ போவார்கள். மழைக்காலத்தில் பெண் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் போட்டோம். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு இறங்கினோம். ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு ரசீது கிடைத்தது. ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தேன். டப்பா நிறைந்தது.

அப்போது ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் சொன்னார்: “எட்டுப் பேரும் கட்சிக்கு வந்துருங்க. பஸ்ஸுக்கு நான் பொறுப்பு.” கட்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் கதை பொருந்தும். நாங்கள் சேர்ந்தோம். நாலு மாதத்தில் பஸ் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு அழுதேன். பஸ்ஸுக்கு மாலை போட்டு, முன் கண்ணாடியில் சந்தனம் பூசி, அவர் கொடியசைத்தார். பதினோரு மனுக் கொடுத்த பெண்கள் படத்தில் எங்கேயும் இல்லை. சரி, பஸ்தானே முக்கியம்.

அடுத்த வருடம் எங்கள் குடிதண்ணீர் ஊற்றுக்கு மேலே சரிவில் ஒரு ஜேசிபி வந்து நின்றது. தங்கும் விடுதி கட்டப் போகிறார்களாம். பழைய வழக்கப்படி மனு எழுதினேன். கையெழுத்து வாங்க முதல் வீட்டுக்குப் போகும் முன்பே போன் வந்துவிட்டது. “அக்கா, அது நம்ம ஆளு இடம். மாநாட்டுக்கு வேன் விட்டதே அவருதான். விட்டுருங்க.” எட்டுப் பேரில் ஐந்து பேர் கையெழுத்துப் போடவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒருத்தியின் மகனுக்குக் கட்சி மூலமாக வேலைக்குச் சொல்லியிருந்தார்கள். ஒருத்தியின் முதியோர் பென்ஷன் பாக்கியில் இருந்தது. பஸ் கேட்டுப் பதினோரு தடவை மலை இறங்கிய கூட்டம் ஒரு போன் காலில் கலைந்தது.

நான் கட்சியிலிருந்து வெளியே வந்தேன். விடுதி கட்டி முடிந்தது. பஸ் இன்னும் வருகிறது.

இதில் எது சரி என்று என் அக்கா மகள் கேட்டாள். எனக்கு இன்றும் பிடிபட்டது ஒன்றுதான். நாங்கள் கட்சிக்குள் போனது தப்பில்லை. போகும்போது எங்கள் எட்டுப் பேர் கூட்டத்தைக் கலைத்துவிட்டுப் போனோமே, அதுதான் தப்பு. கிராம சபைக்குத் தனியாகக் கூடுவதை நிறுத்தினோம், மாதம் போட்ட சந்தாவை நிறுத்தினோம். ‘இனிமேல்தான் கட்சி இருக்கிறதே’ என்று இருந்துவிட்டோம். உள்ளே மனஸ்தாபம் வந்தபோது திரும்பிப் போக வெளியே வீடு இல்லை.

சிவப்புப் பெட்டி, கறுப்புப் பெட்டி

வெளியே வீட்டைக் கட்டிவைத்துவிட்டு நடந்தவர் யார் என்று பார்த்தால், நம் வரலாற்றில் முதலில் பெரியார் வருகிறார். காங்கிரசுக்குள் அவர் சும்மா இருந்தவரில்லை. மாகாணத் தலைவர் வரை இருந்தவர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம், அதாவது ஒவ்வொரு சமூகத்துக்கும் அதற்குரிய பங்கு இடம், வேண்டும் என்று மாநாட்டுக்கு மாநாடு தீர்மானம் கொண்டுபோனார், மாநாட்டுக்கு மாநாடு தள்ளிவிட்டார்கள். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வெளியேறினார். இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். பலர் கவனிக்காத தேதி ஒன்று இருக்கிறது. அவருடைய ‘குடிஅரசு’ ஏடு தொடங்கியது அதே ஆண்டு மே மாதத்தில். அதாவது காங்கிரசில் இருந்தபோதே சொந்தமாகப் பேச ஓர் இடம் வைத்துக்கொண்டார். காஞ்சிபுரத்தில் எழுந்து வெளியே நடந்தவர் நடுத்தெருவில் நிற்கவில்லை.

வெளியே வந்தவரால் என்ன முடிந்தது? 1951இல் இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்ததில், வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்தில் செல்லாமல் போனதை எதிர்த்துத் தமிழ்நாட்டுத் தெருக்களில் எழுந்த போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. திருத்தம் கொண்டுவந்தது நேருவின் காங்கிரஸ் அரசு. தெருவில் இருந்தது பெரியார்.

ஆனால் அவருடைய வீட்டிலேயே இந்தக் கேள்வி பிளவாக வந்தது. 1949இல் அண்ணாவும் கூட இருந்தவர்களும் பிரிந்து திமுகவைத் தொடங்கினார்கள். பிளவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் போகப் போக, தேர்தலுக்குள் போவதா என்பதே இரண்டு கழகங்களுக்கும் நடுவில் பெரிய வேலியானது. 1956இல் திருச்சி மாநாட்டில் திமுக இதை எப்படித் தீர்த்துக்கொண்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. பந்தலில் இரண்டு பெட்டிகள் வைத்தார்கள். தேர்தலில் நிற்கலாம் என்பவர்கள் சிவப்புப் பெட்டியில் போடலாம், வேண்டாம் என்பவர்கள் கறுப்புப் பெட்டியில். சிவப்புப் பெட்டி நிரம்பி வழிந்தது. இன்றைக்கு எந்தக் கட்சியாவது இப்படி இரண்டு பெட்டி வைத்துத் தன் ஆட்களைக் கேட்குமா என்று யோசித்துப் பாருங்கள். 1957இல் 15 இடம், 1962இல் 50, 1967இல் 137 இடத்தோடு கோட்டை.

உள்ளே போனதற்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். 1920களின் கடைசியிலிருந்து புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் நடந்துவந்தன. ஊரார் கேலியைத் தாங்கிக்கொண்டு, மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். 1950களில் நீதிமன்றம் அந்த மாதிரித் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. பிள்ளைகளின் சொத்துரிமையே கேள்விக்குறியானது. 1967இல் அண்ணா அரசு சட்டம் கொண்டுவந்து, புதிய திருமணங்களோடு ஏற்கெனவே நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. நாற்பது வருடம் வெளியே இருந்து பெரியாரும் அவர் தோழர்களும் பழக்கமாக்கியிருக்காவிட்டால் அந்தச் சட்டத்துக்குத் தேவையே வந்திருக்காது. கோட்டைக்குள் ஆள் போயிருக்காவிட்டால் அது சட்டமாகியிருக்காது. இத்தனைக்கும் 1967 தேர்தலில் பெரியார் பிரச்சாரம் செய்தது காமராசரின் காங்கிரசுக்காக! ஜெயித்த அண்ணா திருச்சிக்குப் போய் அவரைப் பார்த்தார்.

விலையும் கொடுத்தார்கள். 1963இல் பிரிவினை பேசுகிறவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டம் திருத்தப்பட்டபோது, திராவிட நாடு என்ற மூலக் கோரிக்கையையே திமுக கைவிட்டது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். உள்ளே போகிறவர் எதையாவது வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. அப்புறம் 1968 டிசம்பர் 25. கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நம்முடைய ஆட்சி என்று எல்லாரும் கொண்டாடிய ஆட்சி அப்போது இரண்டு வயதைக்கூடத் தொடவில்லை.

அம்பேத்கரையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாழ்நாளெல்லாம் காங்கிரசோடு மோதியவர், 1947இல் நேருவின் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக உட்கார்ந்தார். காங்கிரசில் சேர்ந்துவிடவில்லை. அவருடைய பட்டியல் சாதிக் கூட்டமைப்பு வெளியே இருந்தது. பெண்களுக்கும் சொத்துரிமை கொடுக்கிற இந்து சட்ட மசோதாவை அரசு இழுத்தடித்ததும் 1951 செப்டம்பரில் விலகினார். பின்னாளில் அந்த மசோதா துண்டு துண்டாக 1955இலும் 1956இலும் சட்டமானது. பெண்களின் சொத்துரிமையில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது.

திண்ணை

உள்ளே, வெளியே என்று இரண்டு இடம்தான் இருப்பதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்குத் திண்ணை என்று ஒன்று இருந்ததே, அதை மறந்துவிடக் கூடாது. இந்திய அரசியலில் அதற்கு ஒரு பெயர்கூட உண்டு: வெளியிலிருந்து ஆதரவு.

2004இல் இடதுசாரிகளுக்கு நாடாளுமன்றத்தில் 60 இடங்களை ஒட்டிக் கிடைத்தது. காங்கிரஸ் அரசு அமைய அவர்கள் கை வேண்டியிருந்தது. அமைச்சர் பதவி வாங்காமல் வெளியிலிருந்து தாங்கினார்கள். அந்த ஆண்டுகளில்தான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நூறு நாள் வேலைச் சட்டமும், 2006இல் வன உரிமைச் சட்டமும் வந்தன. அவர்கள் மட்டும் கொண்டுவந்தவை என்று சொல்ல முடியாது. ராஜஸ்தான் கிராமங்களில் கணக்குக் கேட்டுப் பொது விசாரணை நடத்திய உழைப்பாளிகளும், நாடெங்கும் காட்டுரிமை கேட்ட ஆதிவாசி இயக்கங்களும் பின்னால் இருந்தார்கள். தெரு, திண்ணை, வீடு மூன்றும் ஒரே சமயத்தில் வேலை செய்த அபூர்வமான நேரம் அது. எங்கள் மலையில் நூறு நாள் வேலை அட்டை இல்லாத கூலி வீடே இல்லை என்றானது. வன உரிமைப் பட்டாவுக்குப் பளியர்கள் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். சட்டம் மலை ஏற நேரம் எடுக்கும். 2008இல் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். 2009 தேர்தலில் பாதிக்கும் கீழே போனார்கள். திண்ணையில் எவ்வளவு நாள் உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்பது பெரிய சூட்சுமம்.

கூட்டணியும் ஒரு திண்ணைதான். அதில் நுணுக்கம் சின்னத்தில் இருக்கிறது. விடுதலைச் சிறுத்தைகள் 1999 வரை தேர்தலையே புறக்கணித்த இயக்கம். 2001இல் திருமாவளவன் திமுக கூட்டணியில், உதயசூரியன் சின்னத்திலேயே நின்று கடலூர் மாவட்டத்து மங்களூர் தொகுதியில் ஜெயித்தார். அடுத்தவர் சின்னத்தில் ஜெயித்தால் சட்டசபைக் கணக்கில் நீங்கள் அந்தக் கட்சி உறுப்பினர். அவர்கள் கொறடா உங்களுக்கும் கொறடா. 2004இல் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். 2024இல் பானைச் சின்னத்தில் இரண்டு எம்பி இடங்களை ஜெயித்து, மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் வாங்கினார்கள். அதே கூட்டணிதான், அதே மேடைதான். ஆனால் கையில் சொந்தப் பானை. எங்கள் மலை இருக்கிற திண்டுக்கல் தொகுதியிலும் அதே தேர்தலில் திமுக கூட்டணியிலிருந்து ஜெயித்தவர் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், சுத்தியல் அரிவாள் நட்சத்திரத்தில்.

கொடைக்கானலில் நடந்த இரண்டு

வெளியே இருந்தே சாதித்ததற்கு எங்கள் ஊரில் ஓர் உதாரணம் பாதரசம். கொடைக்கானலில் இருந்த இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு, மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது 2001இல் வெளியே தெரிந்தது. ஊர்க்காரர்களும் தொழிலாளர்களும் சூழலியல் அமைப்புகளும் ஊர்வலம் போனார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் விடவில்லை. பதினைந்து வருடம் வழக்கும் போராட்டமுமாக நின்று, 2016இல் 591 பேருக்காக நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. எந்தக் கட்சியின் கொடிக்கம்பத்தின் கீழேயும் அவர்கள் நிற்கவில்லை. அதனால்தான் ஆட்சிகள் மாறினாலும் போராட்டம் மாறவில்லை. அதனால்தான் பதினைந்து வருடம் ஆயிற்று என்றும் ஒருவர் சொல்லலாம். இரண்டுக்கும் என்னால் மறுப்புச் சொல்ல முடியாது.

இன்னொன்று பிளசன்ட் ஸ்டே ஓட்டல். விதியை மீறி மாடிமேல் மாடி எழுப்ப 1994இல் அரசு விலக்களித்ததை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் உயர் நீதிமன்றம் போனது. எந்தக் கட்சியும் சாராத, மரம் நடுகிற, மலையைக் கணக்கெடுக்கிற மனிதர்கள் அவர்கள். அந்த ஆணை ரத்தானது. வெளியாட்களின் சுத்தமான வெற்றி. ஆனால் 1996இல் ஆட்சி மாறியதும் அதே விவகாரம் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா மீது குற்ற வழக்காக உருவெடுத்தது. 2000 பிப்ரவரி 2 அன்று தண்டனை அறிவிக்கப்பட்டது. அன்றே தர்மபுரியில் கட்சிக்காரர்கள் ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்ததில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் எரிந்து இறந்தார்கள். 2001இல் மேல்முறையீட்டில் ஜெயலலிதா விடுதலையானார். சரிவில் எத்தனை மாடி கட்டலாம் என்று தொடங்கிய கேள்வி எங்கே போய் முடிந்தது பாருங்கள். அதன் பிறகு கொடைக்கானலின் கட்டடங்களைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் ‘நீ எந்தக் கட்சி’ என்பதுதான் முதல் கேள்வி. வெளியே இருந்தால் அரசியலுக்குத் தப்பிவிடலாம் என்று நினைக்கிற அந்த ஆறு பேருக்கு இதைச் சொன்னேன். நீங்கள் தொடுத்த அம்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள்.

நாலு சீட்டு

ஊராட்சித் தேர்தலில் ஓட்டுச்சாவடிக்குள் போனால் கையில் நாலு சீட்டுக் கொடுப்பார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் பூட்டு சாவி, ஆட்டோ ரிக்ஷா மாதிரியான சின்னங்கள் இருக்கும், கட்சிச் சின்னம் இருக்காது. மற்ற இரண்டில் கட்சிச் சின்னங்கள். வெள்ளைச் சீட்டிலும் இளஞ்சிவப்புச் சீட்டிலும் கட்சி இல்லாமலே அதிகாரத்துக்குள் போக ஒரு கதவைச் சட்டமே வைத்திருக்கிறது. பெண்களுக்குப் பாதி இடம் வேறு. நடைமுறையில் பூட்டு சாவிக்குப் பின்னால் எந்தக் கரை வேட்டி என்று ஊருக்கே தெரியும், அது வேறு. ஜெயித்த தலைவரும் நிதிக்காக ஒன்றிய ஆபீசில் பச்சைச் சீட்டுக்காரர் பின்னால் போய் நிற்க வேண்டிவரும். இருந்தாலும் ஊற்றுக்கு மேலே ஜேசிபி நிற்கும்போது, தீர்மானப் புத்தகம் தலைவர் கையில் இருக்கிறது. ஒரு போன் காலில் அதை மூடச் சொல்ல எந்தக் கொறடாவுக்கும் உரிமை இல்லை.

இதைச் சொன்னதும் அக்கா மகள் கிளறுவதை நிறுத்திவிட்டு, “அப்ப சேர வேணாங்கிறீங்க” என்றாள்.

அப்படிச் சொல்லவில்லை. சேருகிற ஆறு பேர் சேரட்டும். அதற்கு முன்னால் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து சிலதைப் பேசி முடிக்கட்டும் என்றேன். கட்சி கைவிடச் சொன்னாலும் கைவிட மாட்டோம் என்று எதை வைத்திருக்கிறார்கள்? ஒன்றா, மூன்றா? சான்றிதழா, ஊற்றா? மாதா மாதம் கூடுவது கட்சி ஆபீசில் இருக்கக் கூடாது. செலவுக்குப் பணம் அவர்கள் கையிலிருந்தே வர வேண்டும், நூறு ரூபாயானாலும். உள்ளே போன ஆறு பேரை வெளியே நிற்கிற ஆறு பேர் கேள்வி கேட்டால், “கட்சி விஷயம், உனக்குப் புரியாது” என்று சொல்லக் கூடாது.

“நோட்டு யாருகிட்ட இருக்கணும் சித்தி? சந்தா நோட்டு?”

“சேராதவங்ககிட்ட.”

“அவனுங்க ஒத்துக்க மாட்டானுங்க. கணக்குல நல்லாப் போடுறவனே சேரணும்னு நிக்கிறவன்தான்.”

எனக்கு அதற்குப் பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரும் எங்கள் களத்துக்கு வந்தார்கள். காபியை ஓரம் ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தேன். நோட்டுப் பேச்சே இரண்டு மணி நேரம் ஓடியது. கடைசியில் கணக்கு எழுதுவது அவன், நோட்டு இருப்பது இன்னொருத்தி வீட்டில் என்று ஓர் ஏற்பாடு. படிவத்தை இன்னும் யாரும் நிரப்பவில்லை. என் அக்கா மகள் அதை மடித்து, என்னுடைய பழைய பிஸ்கட் டப்பாவில், ரசீதுகளுக்கு மேலே வைத்திருக்கிறாள்.